எடின்பரோவுக்குப் போன பணியாரம்

"எடின்பரோ ஒரு நகரமன்று, அது மனிதகுலத்தின் மனச்சாட்சி. ஏழு குன்றுகளின்மேல் எழுந்து நிற்கும் அந்த மாநகரின் கற்கோட்டை முன்னால் நின்ற கணத்தில், 'நான்' என்ற அகந்தை என்னிலிருந்து உதிர்ந்து விழுவதை உணர்ந்தேன்."

இந்த வரிகளை எழுதியபோது அருள்நாயகம் கனடாவின் ஸ்ரௌவ்வில்லில், தன் வீட்டு பேஸ்மென்றில், உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில், சாரத்தோடு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். கோட்டைக்கும் அவருக்கும் இடையில் அத்திலாந்திக் சமுத்திரம் கிடந்தது. அகந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் உலகத் தமிழ்ச் சான்றோர் பேரவையின் ஸ்ரௌவ்வில் கிளைக்கு உபதலைவர். பேரவைக்கு வேறு கிளை கிடையாது. தலைமையகமும் கிடையாது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை அது 'பயணச் செம்மல்' என்று ஒரு பட்டம் கொடுக்கும். வரலாற்றுப் புகழ் பெற்ற ஓர் ஊரைக் கண்டுவந்து, அதைப் பற்றி நாற்பது நிமிடம் மேடையில் பேசும் உறுப்பினருக்கு அது உரியது. போன வருடம் அதை வாங்கிய றெமிஜியஸ், மொன்றியலுக்கு பஸ்ஸில் போய் மச்சாள் வீட்டில் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்தவர். அந்தப் பேச்சில் பாதி மச்சாளின் சமையலைப் பற்றியது. அருள்நாயகம் முன்வரிசையில் இருந்து கைதட்டினார். அன்றிரவே தன் மனைவி யோகராணியிடம், அடுத்த வருடம் இந்தப் பட்டத்தின் மானத்தைத் தானே காப்பாற்றப் போவதாகச் சொன்னார்.

கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர் அவர். அந்த இருபத்தாறு வருடமும் அங்கே அவருக்கு 'ஆறாம் லைன்' என்றுதான் பெயர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு மனிதன் தன் பெயருக்கு முன்னால் நாலு நல்ல சொல் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதில் பெரிய பிழை இல்லை.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை பயணம். பத்து நாள். திரும்பி வந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழா. மண்டபம் எடுத்தாயிற்று, பானரும் அடித்தாயிற்று. பயணத்துக்கு முந்திய சனிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பாஸ்போட்டைத் தட்டில் வைத்து அர்ச்சனையும் செய்தார்கள். யோகராணி மருந்துக்கடையில் வேலை செய்பவள். எதையும் எடுத்தவுடன் திகதியைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. பாஸ்போட் திகதியைப் பார்த்தீர்களா என்று மூன்று தரம் கேட்டாள். பாஸ்போட் சாமி அறையில் பவுத்திரமாக இருக்கிறது என்று மூன்று தரமும் அவர் பதில் சொன்னார். அது உண்மைதான்.

வெளிநாடு போகிறவரிடம் பார்சல் கொடுத்துவிடாத வீடு எங்கள் சனத்தில் இல்லை. எதிர்வீட்டு வேரோனிக்கா வியாழக்கிழமையே ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள். அவளுடைய மகள் ஏஞ்சலா மரியோவைக் கலியாணம் செய்து எடின்பரோவில் இருக்கிறாள், வயிற்றில் ஏழு மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வேறொன்றும் இறங்கவில்லையாம், அம்மாவின் பயற்றம் பணியாரம் வேண்டுமாம். மூடியை நாடாவால் சுற்றி ஒட்டிய நீலப் பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே நாற்பது பணியாரம். வேரோனிக்கா அதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உடையாமக் கொண்டுபோய்க் குடுங்கோ அண்ணை. பிள்ளை உதுக்காகத்தான் பாத்துக்கொண்டிருக்கிறாள்."

"என்ர உயிரைப்போலக் கொண்டுபோவன் தங்கச்சி," என்றார் அருள்நாயகம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பேரவையிலிருந்து எட்டுப் பேர் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தார்கள். தலைவர் வாகீசன் மஞ்சள் கரை போட்ட பொன்னாடை ஒன்றைப் போர்த்தினார். படம் எடுத்தார்கள். 'வரலாற்றைச் சந்திக்க வானேறினார் எங்கள் உபதலைவர்' என்று அந்தப் படம் அங்கேயே வட்ஸ்அப் குறூப்பில் ஏறியது. பார்க்கிங் நேரம் முடிகிறது என்று எல்லாரும் ஓடினார்கள். யோகராணியும் அவர்களோடு போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அருள்நாயகம் வரிசையில் நின்று பாஸ்போட்டை நீட்டினார்.

கவுண்டரில் நின்ற பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு மிகவும் மரியாதையாக, இது போன செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது என்றாள். அர்ச்சனை நடந்த சனிக்கிழமை அது உயிரோடு இருந்தது. பிள்ளையாரில் பிழை சொல்ல முடியாது. புதுப் பாஸ்போட் எடுக்க நாள் செல்லும். டிக்கற்றோ மாற்ற முடியாத டிக்கற். குறூப்பில் அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? வீட்டுக்குப் போய், பிழை விட்டிட்டன் என்று சொல்லுவான். அருள்நாயகமும் வீட்டுக்குத்தான் வந்தார். இருட்டுப்படும் நேரம், டாக்சியை மூலையிலேயே நிற்பாட்டி, பொன்னாடையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, சூட்கேசைப் புல்லுக்கு மேலால் இழுத்து வந்து பக்கக் கதவைத் தட்டினார். யோகராணி கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், முக்காட்டைப் பார்த்தாள்.

"திகதியோ?" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

விழா முடியும்வரை ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். பத்து நாள் தான் கீழேயே இருந்துவிடுவதாகவும், எடின்பரோவைப் பற்றிப் படிப்பதற்கு அது வசதி என்றும் சொன்னார். நேரில் போகிறவன் கண்ணால் காண்பது கொஞ்சம், இருந்து படிக்கிறவன் காண்பதுதான் முழுமை என்று ஒரு தத்துவமும் அந்த வாசற்படியிலேயே பிறந்தது. யோகராணி கேட்டுவிட்டுத் தன் பக்கத்தைச் சொன்னாள்.

"நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா ஆரும் கேக்காட்டி, நானாச் சொல்லவும் மாட்டன். அவ்வளவுதான் என்னால ஏலும்."

அது போதும் என்று அவர் நினைத்தார்.

சனிக்கிழமை விடிந்தபோதுதான் சிறையின் அளவு தெரிந்தது. புதுக் குடியிருப்பு, அந்தத் தெருவில் பாதி வீடு தமிழர் வீடு. குசினி ஜன்னலும் முன்னறை ஜன்னலும் தெருவைப் பார்த்தவை. தெருவுக்கு அந்தப் பக்கம் வேரோனிக்காவின் புருஷன் கிறிஸ்துநாயகம், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், கராஜ் கதவை மேலே தூக்கிவிட்டு மடக்குக் கதிரையில் காலை முதல் பின்னேரம்வரை இருப்பார். தெருவில் ஒரு அணில் கடந்தாலும் அவருக்குத் தெரியும். அவர் சாப்பிடப் போனாலும் அந்த வீட்டு வாசல் மணியில் பூட்டிய கமெரா போகாது. போன மார்கழியில் வாசலில் வைத்த பார்சல் ஒன்று காணாமற்போனதிலிருந்து அது அங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை வந்ததை அது பிடித்திருக்குமோ என்று அருள்நாயகம் ஒரு முறை பயந்தார். முக்காடு போட்டிருந்தது நல்லதாயிற்று என்று தேறினார்.

ஆகவே பகலில் மேலே போக முடியாது. யோகராணி வேலைக்குப் போகுமுன் ஒரு கோப்பை சோறும் போத்தலில் தேநீரும் வைத்துவிட்டுப் போவாள். பேஸ்மென்றுக்கு ஒரே ஒரு ஜன்னல், நிலமட்டத்தில், சோப்புப் பெட்டியை நீட்டிப் பிடித்த அளவு. அதற்குள்ளால் தெரிவது புல்லின் அடிப்பகுதியும் குப்பைத் தொட்டியின் சில்லும். ஈரப்பதன் உறிஞ்சும் மெசின் மூலையில் நின்று நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டது.

கணினி இருந்தது. உலகத்துத் தெருக்களையெல்லாம் படமெடுத்து வைத்திருக்கும் வரைபடத்தைத் திறந்து, அம்புக்குறியை அமத்தி அமத்தி அவர் எடின்பரோவில் நடந்தார். கோட்டை வாசலிலிருந்து அரண்மனைவரை இறங்கும் றோயல் மைல் வீதியை இரண்டு தரம் நடந்து முடித்தார். மூட்டு நோகவில்லை. அந்த வரைபடத்தில் ஆட்களின் முகங்களை மங்கலாக்கி விட்டிருப்பார்கள். "எடின்பரோ மக்கள் தங்களை முன்னிறுத்த விரும்பாதவர்கள்," என்று அருள்நாயகம் அன்று குறூப்பில் எழுதினார். "அவர்களுடைய முகத்தைப் பார்ப்பதே அரிது." வாகீசன் அதற்குக் கீழே 'ஆழமான அவதானிப்பு' என்று போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கோட்டையில் தினமும் ஒரு மணிக்குப் பீரங்கி வெடிப்பதைப் படித்துவிட்டு, அதன் ஓசை தன் நெஞ்சுக்கூட்டில் இன்னும் அதிர்வதாக எழுதினார். அரைமணி நேரத்தில் வேரோனிக்கா ஒரு குரற்பதிவைக் குறூப்பில் போட்டாள். ஏஞ்சலாவின் குரல்: "அங்கிள், சண்டேயில கன் அடிக்கிறேல்லையே. உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?"

அருள்நாயகம் பதினைந்து நிமிடம் அந்த அறையில் மேலும் கீழும் நடந்தார். பிறகு, வரலாற்றின் ஓசையைக் கேட்பதற்குக் கிழமை தேவையில்லை என்று பதில் எழுதினார். நாற்பத்தொரு பேர் கைகூப்பினார்கள்.

ஆனால் அந்தக் குரல் இன்னொன்றையும் கேட்டது. அங்கிள் எங்க நிக்கிறியள், நானும் மரியோவும் வந்து பணியாரத்தை எடுக்கிறம் என்றது.

பெட்டி சூட்கேசுக்குள் இருந்தது. அப்போது அதில் முப்பத்தாறு இருந்தன. சனிக்கிழமை மத்தியானம் சோறு வயிற்றுக்குக் காணாமல் நாடாவை ஒரு மூலையில் மட்டும் கிளப்பி ஒன்று எடுத்தார். ஒன்று எடுத்த இடம் அசிங்கமாகத் தெரிந்ததால் அந்த வரிசையை நேராக்க இன்னும் மூன்று எடுக்க வேண்டியிருந்தது.

நகரத்தில் நின்றால்தானே பிடிப்பார்கள். திங்கட்கிழமை காலையே அருள்நாயகம் எடின்பரோவை விட்டு வெளியேறி, தெற்கே பென்ற்லண்ட் குன்றுகளுக்குப் போய்விட்டதாக அறிவித்தார். குன்றுப் பாதையில் ஒரு வேலியும் மூன்று செம்மறியும் இருந்தன. செவ்வாயும் அதே பாதையில் நடந்தார். "இந்தச் செம்மறிகள் நேற்றும் இதே இடத்தில் இதே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஸ்கொட்லாந்தின் பொறுமை இதுதான்," என்று எழுதினார். பின்னேரம் வேரோனிக்கா குறூப்பில் சொன்னாள்: பிள்ளையும் மருமகனும் இரண்டு பஸ் மாறி அந்தக் குன்றடிக்குப் போயிருக்கிறார்களாம், அண்ணை எந்த வேலிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று சொன்னால் நல்லது.

அவர் அன்றே கிழக்கே, கடற்கரை ஊரான நோர்த் பெரிக்குக்குப் போனார். கடலுக்குள் நிற்கும் வெள்ளைப் பாறையையும் அதில் மொய்த்திருக்கும் கடற்பறவைகளையும் வர்ணித்தார். அது நல்ல வர்ணனை. பறவைகளின் நாற்றத்தைக்கூட எழுதினார். பக்கத்தில் தோய்க்காத உடுப்புக் கூடை இருந்தது. புதன்கிழமை வேரோனிக்கா அறிவித்தாள்: பிள்ளை ரயில் பிடித்து அந்தக் கடற்கரைக்கும் போய்விட்டாளாம். அருள்நாயகம் தெற்கே மெல்றோஸுக்கு ஓடினார். அங்கே ஒரு பழைய மடாலயம் இடிந்து நிற்கிறது; முன்னொரு அரசனுடைய இதயத்தை மட்டும் தனியாக அங்கே புதைத்திருக்கிறார்கள் என்று படித்தார். மற்ற நாளாக இருந்தால் அந்த இதயத்தை வைத்து நாலு பக்கம் எழுதியிருப்பார். அன்று நாலு வரிக்கு மேல் வரவில்லை. ஏஞ்சலா கிட்ட வர வர அவர் தள்ளித் தள்ளிப் போனார். ஸ்கொட்லாந்தோ சின்ன நாடு.

கவலை வந்தால் அவருக்குப் பசிக்கும். புதன் பின்னேரம் பெட்டியில் இருபத்திரண்டு இருந்தன.

வியாழக்கிழமை ஒரு படம் வந்தது. மெல்றோஸ் மடாலயத்தின் உடைந்த வளைவுக்கு முன்னால், நீல மழைக்கோட்டோடு, ஏஞ்சலா. அந்த ஆறு நாளில் ஸ்கொட்லாந்தில் அவர் பார்த்த முதல் முகம் அது. மங்கலாக இல்லை. அவளுடைய பல்வரிசையும் நெற்றியில் ஒட்டிய மயிரும் தெரிந்தன. கீழே 'அங்கிளைக் காணேல்லை' என்று இருந்தது. அருள்நாயகம் கணினியை மூடினார். அன்று குறூப்பில் ஒன்றும் எழுதவில்லை.

யோகராணி வேலையால் வந்து கீழே இறங்கியபோது அவர் படத்தைக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தாள்.

"ஏழு மாசம் எண்டல்லோ சொன்னவை," என்றாள். "வயித்தைக் காணேல்லை."

"கோட்டுப் போட்டிருக்கிறாளப்பா. உமக்கு இப்ப அதுவே முக்கியம்?"

"இல்லை," என்றாள் யோகராணி. அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. பத்து மணிக்கு வேரோனிக்கா வந்தாள். வீட்டைச் சூடாக்கும் காற்றுக்குழாய் மேலே இருந்து கீழே வருவதால், குசினியில் கரண்டி வைத்தாலும் பேஸ்மென்றில் கேட்கும். கதவு திறந்து சப்பாத்து கழற்றுகிற சத்தம் கேட்டபோது அருள்நாயகம் அப்போதுதான் ஒரு பணியாரத்தை வாயில் போட்டிருந்தார். கடித்தால் மொறுக்கென்று கேட்கும். துப்ப மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு கதிரையில் சிலையாக இருந்தார்.

மேலே வேரோனிக்கா ஆறுதலாகத் தேநீர் குடித்தாள். பிள்ளை மழைக்குள்ளே இரண்டு மணித்தியாலம் பஸ் தரிப்பில் நின்றதாம், கால் இரண்டும் வீங்கிவிட்டதாம், மரியோ ஏசினானாம், ஆனாலும் அம்மாவின் கைப்பணியாரம் வேண்டுமென்று அழுகிறாளாம். குரல் உடையாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். பணியாரம் அருள்நாயகத்தின் நாக்கில் மெல்லக் கரைந்தது. நல்ல ஏலக்காய் வாசம். கண்ணில் நீர் வந்தது.

அந்த நேரத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எழும்பினார். மேலே போய், தங்கச்சி, நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்லி, மிச்சத்தை அவளுடைய கையில் கொடுத்துவிடுவது என்று படியேறினார். பன்னிரண்டு படி. ஏழாவது படியில் கால் வைத்தபோது மேலே வேரோனிக்கா எழும்புகிற சத்தம் கேட்டது.

"பரவாயில்லை அக்கா. அண்ணைக்கு அடுத்த கிழமை ஞாயிற்றுக்கிழமை பட்டம் குடுக்கேக்க நாங்கள் முன்வரிசையில இருப்பம். அவர் எங்கட தெருவுக்கே ஒரு பெருமை."

ஏழாவது படியில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். ஆறாவதுக்கு இறங்கினார். பிறகு மிச்ச ஐந்தும் சுகமாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் கிறிஸ்துநாயகம் புல்லு வெட்டும் மெசினோடு தெருவைக் கடந்து வந்தார். அயலவர் வெளிநாடு போயிருந்தால் அவருடைய புல்லை வெட்டிவிடுவது அந்தத் தெருவின் வழக்கம். மெசின் முன்பக்கம் முடித்து, வீட்டின் பக்கவாட்டால் திரும்பி, அந்தச் சின்ன ஜன்னலடிக்கு வந்தது. அருள்நாயகம் சிமெந்துத் தரையில் முகம் குப்புறப் படுத்தார். கண்ணாடியில் வெட்டிய புல்லு வந்து அடித்தது. ஒரு முழ அகலப் புல்லுத்தான் அந்த இடத்தில். ஒரு தரம் போனால் காணும். கிறிஸ்துநாயகம் மூன்று தரம் போய்வந்தார். பிறகு மெசினை நிற்பாட்டி, ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றபடி பெருமூச்சு விட்டார்.

"பாவம் மனிசன்," என்றார், பொதுவாக. "எந்த மலையில குளிருக்க நிண்டு என்ன பாடுபடுதோ."

அவருடைய வெள்ளைக் காலுறையும் செருப்பும் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. அப்படியே நின்றுகொண்டு அவர் ஒரு கோப்பி முழுவதையும் குடித்து முடித்தார். தரை குளிர்ந்தது. அருள்நாயகத்துக்கு, பட்டம் என்ன பட்டம், இந்தக் காலுறை போனால் போதும் என்று இருந்தது. காலுறை போனது. பட்டம் மறுபடியும் பெரிதாயிற்று.

திங்கட்கிழமை அவர் 'திரும்பி' வந்தார். கராஜுக்குள்ளேயே காரில் ஏறிப் பின்சீற்றில் படுத்துக்கொண்டு போய், பக்கத்து நகரமான மார்க்கமில் ஒரு கோப்பிக் கடையில் அரைமணி நேரம் இருந்துவிட்டு, முன்சீற்றில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்திறங்கினார். கிறிஸ்துநாயகம் கதிரையை விட்டு எழும்பி வந்து கைகுலுக்கினார். பயணக் களைப்புத் தெரிகிறது, முகத்தில் வெயிலே படவில்லை என்று அனுதாபப்பட்டார். ஸ்கொட்லாந்து முகில் நாடு என்றார் அருள்நாயகம். வேரோனிக்காவிடம், மலைநாட்டில் தொடர்பே கிடைக்கவில்லை, பிள்ளையைக் காண முடியாமற் போனது தன் வாழ்நாள் துயரம் என்றார். பெட்டி எங்கே என்று அவள் கேட்கவில்லை. அது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் கேட்காத கேள்விக்குப் பதில் தேடுகிற ஆள் அல்ல அவர்.

விழா மண்டபம் நிரம்பியிருந்தது. வழக்கமாக முப்பது பேர் வந்தால் பெரிது. அன்று எண்பது பேருக்கு மேல். பின்சுவரோடு நின்றவர்களும் உண்டு. பானரில் கோட்டையின் படமும் அதைவிடப் பெரிதாக அருள்நாயகத்தின் படமும் இருந்தன. தன் பேச்சுக்கு இவ்வளவு தாகம் ஸ்ரௌவ்வில்லில் இருந்ததா என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

நன்றாகவே பேசினார். கோட்டை, குன்று, கடற்பறவை, அரசனின் இதயம். சபை இமைக்காமல் கேட்டது. சிலர் கைலேஞ்சியால் வாயை மூடியிருந்தார்கள். உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார். மனிதகுலத்தின் மனச்சாட்சி என்ற இடத்தில் றெமிஜியஸ் எழும்பி வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வாகீசன் பட்டத்தை அறிவித்து, சபையிலிருந்து கேள்வி இருந்தால் ஒன்று கேட்கலாம் என்றார். முன்வரிசையில் கிறிஸ்துநாயகம் கையை உயர்த்தினார்.

"அருள் அண்ணை," என்றார், மிகவும் பணிவாக. "அங்க எடின்பரோவில, புல்லு வெட்டுற மெசினின்ர சத்தம் கடுமையோ?"

எண்பது பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

அருள்நாயகம் மைக்கைப் பிடித்தபடி நின்றார். முன்வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. மேடைக்கு ஒரு பக்கத்தில் வாகீசன், மறுபக்கத்தில் பானர், பின்னால் சுவர். இறங்குவதற்கு இருந்த ஒரே படியில், அடுத்ததாகப் பொன்னாடை கொண்டுவர வேண்டிய பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "இல்லை," என்றார் கடைசியில். "அவ்வளவு கடுமை இல்லை."

"சந்தோசம்," என்று கிறிஸ்துநாயகம் உட்கார்ந்தார்.

புறப்பட்ட வெள்ளிக்கிழமை இருட்டுப்பட்ட நேரம், மஞ்சள் கரைப் பொன்னாடையை முக்காடு போட்ட ஓர் உருவம் புல்லுக்கு மேலால் சூட்கேஸ் இழுத்து வருகிற இருபத்தேழு வினாடி வாசற்கமெரா வீடியோ, மறுநாள் காலையிலேயே பேரவையின் இன்னொரு குறூப்புக்குப் போயிருந்தது. அருள்நாயகம் இல்லாத குறூப் அது. அந்தப் பொன்னாடையைக் கடையில் தெரிந்தெடுத்தவரே வாகீசன்தான். ஆனாலும் மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று, பானர் அடித்தாயிற்று, நூறு பேருக்குச் சாப்பாடும் சொல்லியாயிற்று. விழாவை நிற்பாட்ட ஒருவருக்கும் மனமில்லை. வேரோனிக்கா அந்த முதல் திங்கட்கிழமையே புதிதாக நாற்பது பணியாரம் சுட்டு அனுப்பிவிட்டாள். ஏஞ்சலா எந்த மலைக்கும் போகவில்லை. வீட்டில் காலை நீட்டிக்கொண்டு, தாய் கேட்டபோதெல்லாம் குரல் பதிந்து அனுப்பினாள். மெல்றோஸ் படம் போன வருடத்துப் படம்.

இவ்வளவும் அவருக்குத் தெரியவந்தது, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, மேடையை விட்டு இறங்கி யோகராணிக்குப் பக்கத்தில் வந்து இருந்த பிறகுதான். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவர் சபையைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் கேட்டார்.

"உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எப்பவிருந்து?"

"படம் வந்த அண்டு. போய் வேரோனிக்காவைக் கேட்டன். கேட்டவுடன சொன்னவ."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை," என்றாள் யோகராணி. வீடியோ உட்பட எல்லாவற்றையும் அவள் கைத்தொலைபேசியிலிருந்து வரிசையாகக் காட்டினாள்.

சாப்பாட்டுக்கு வரிசை நின்றபோது வேரோனிக்கா அவரிடம் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பணியாரம் போகட்டும் அண்ணை," என்றாள். "அந்த நீலப் பெட்டி நல்ல பெட்டி. அதை மட்டும் தாங்கோ."

யோகராணி அதைக் கழுவித் துடைத்துப் பையில் கொண்டுவந்திருந்தாள். ஒரு வீட்டுப் பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் சனத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். அதற்காக முதல்நாளே அவள் கடைசிப் பணியாரத்தை ஒரு கடதாசியில் சுற்றி உள்ளே வைத்து மூடியிருந்தாள். வேரோனிக்கா அந்த இடத்திலேயே மூடியைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். பயணச் செம்மல் அருள்நாயகமும் குனிந்து பார்த்தார்.

கடதாசி மட்டும் இருந்தது. பணியாரத்தை அவர் அன்று காலை தேநீரோடு சாப்பிட்டிருந்தார்.